நிதி வெட்டுக்குப் பிறகு பிரசவப் பிரிவை நடத்துவது எப்படி

ஒதுக்கீடு 10 சதவீதம் குறைந்துவிட்டது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததும் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் நடப்பது ஒன்றுதான்: எல்லாத் துறைகளிலும் தலைக்கு 10 சதவீதம் பிடித்துவிடுவார்கள். பார்வைக்கு நியாயமாகத் தெரியும். கண்புரை அறுவை சிகிச்சையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம், குடலிறக்கத்தையும் தள்ளிவைக்கலாம். வலி கண்டு வாசலில் வந்து நிற்கும் பெண்ணை எங்கே தள்ளிவைப்பது? பணம் குறைந்துவிட்டது என்று பிரசவங்கள் குறைவதில்லை. தனியாரிடம் போய்க்கொண்டிருந்தவர்களும் கை வறண்ட காலத்தில் அரசு ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதால் சில நேரம் கூடவும் செய்யும்.

பிரசவப் பிரிவில் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி தயாராக இருப்பதற்கான செலவு. இரவு 2 மணிக்கு மயக்க மருந்து மருத்துவர் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தணிக்கைக்காரருக்குத் தோன்றும். அவர் அங்கே உட்கார்ந்திருப்பதற்குத்தான் சம்பளமே. வெட்டு முதலில் அரிப்பது இந்தத் தயார்நிலையைத்தான். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அதற்குத் தனி வரி கிடையாது என்பதால் அரித்தது வெளியே தெரியாது. கண்காணிப்பாளர், தலைமைச் செவிலியர், பிரசவப் பிரிவு மருத்துவர், மருந்துக் கிடங்கு பார்ப்பவர் ஆகிய நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்ப்பதற்காக இதை எழுதியிருக்கிறோம்.

சராசரியை வைத்து ஆள் குறைக்காதீர்கள்

வருடத்துக்கு 2,900 பிரசவம் நடக்கும் ஆஸ்பத்திரியில் நாளுக்குச் சராசரி 8. ‘எட்டுக்கு எத்தனை பேர் வேண்டும்?’ என்று நிதிப் பிரிவு கேட்கும். அந்தக் கேள்வியே தவறு. தானாக வலி கண்டு வரும் பிரசவங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வருபவை. அப்படி வருகிற எதிலும் ஏற்ற இறக்கம் இருந்தே தீரும். சராசரி 8 என்றால், ஒன்றுமே மாறாவிட்டாலும் வருடத்தில் சுமார் 40 நாள் 12 அல்லது அதற்கு மேல் வரும். ஏறக்குறைய 12 நாள் 14 அல்லது அதற்கு மேல் வரும். சின்ன ஆஸ்பத்திரியில் இந்த ஆட்டம் இன்னும் மோசம். நாளுக்குச் சராசரி 2 உள்ள இடத்தில் வருடத்துக்கு 19 நாள் போல 5 அல்லது அதற்கு மேல் வந்துவிடும்; அதாவது இரண்டரை மடங்கு. 8 உள்ள இடத்தில் இரட்டிப்பாக, 16 வருவது வருடத்துக்கு மூன்று நாள்தான். ஒரே சதவீத வெட்டு சின்ன இடத்தை ஏன் முதலில் உடைக்கிறது என்பதற்கு இதுவே காரணம்.

உங்கள் பிரசவப் பதிவேட்டை எடுத்து, கடந்த 12 மாதத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை என்று எண்ணுங்கள். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, மேலிருந்து 36-வது நாளின் எண்ணைப் பாருங்கள். பத்து நாளில் ஒரு நாள் தாங்க வேண்டிய சுமை அது. ஆள்பலம், கட்டில், கருவி செட் எல்லாவற்றையும் அந்த எண்ணுக்குத் திட்டமிடுங்கள். சராசரி எண்ணை மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையின் முகப்பில் போடவே வேண்டாம்.

அடுத்தது பணியிடக் கணக்கு. ஒரு நாற்காலியில் 24 மணி நேரமும் ஒருவர் இருக்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்றால் 4.2 பேர். விடுப்பு, உடல்நலக் குறைவு, பயிற்சிக்கு 20 சதவீதம் போனால் 4.2-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும், 5.25 பேர். ஒவ்வொரு ஷிப்டிலும் 4 பிரசவச் செவிலியர் இருக்க 21 பேர் தேவை. இதில் 2 பணியிடத்தை நிரப்பாமல் விட்டால் 19 பேர். 19-ஐ 5.25-ஆல் வகுத்தால் 3.6. ஆளைப் பத்தில் ஆறு பங்காகப் பிய்த்து நிறுத்த முடியாதே. ஆகவே வாரத்தின் 21 ஷிப்டில் 8 ஷிப்ட் மூன்று பேரோடு ஓடும். அந்த எட்டும் எங்கே போய் விழும் என்று எல்லோருக்கும் தெரியும்: இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும். ‘இரண்டு காலியிடம்’ என்று எழுதினால் யாருக்கும் உறைக்காது. ‘வாரத்துக்கு எட்டு ஷிப்டில் ஒரு செவிலியர் குறைவு’ என்று எழுதுங்கள்.

விலை மலிவான ஆட்களை முதலில் குறைப்பது வழக்கம்: துப்புரவுப் பணியாளர், வார்டு எழுத்தர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர். அந்த வேலை மறைந்துவிடுவதில்லை, செவிலியர் தலையில் இறங்கும். ஒரு பிரசவக் கட்டிலைக் கழுவித் துடைத்து விரிப்பு மாற்ற 20 நிமிடம் என்றால், 8 பிரசவத்துக்கு 160 நிமிடம். அந்த நேரத்தில் ஒரு தாயின் ரத்த அழுத்தமோ ஒரு சிசுவின் இதயத் துடிப்போ பார்க்கப்படாமல் இருக்கும். கூடுதல் சம்பளக்காரரைக் கொண்டு குறைந்த சம்பள வேலையைச் செய்விப்பது சிக்கனம் ஆகாது. இந்த மூன்று பணியிடங்களை வெட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வாதாடுங்கள்.

கை வைக்கக் கூடாத ஏழு வேலைகள்

அவசரப் பிரசவச் சிகிச்சையின் அடிப்படை என்று உலக சுகாதார நிறுவனம் 2009 கையேட்டில் ஏழு வேலைகளைக் குறித்தது. ஊசிவழி நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து, கருப்பையைச் சுருங்கவைக்கும் மருந்து, வலிப்பைத் தடுக்கும் மருந்து, தங்கிய நஞ்சுக்கொடியைக் கையால் எடுப்பது, கருப்பையில் எஞ்சிய திசுவை அகற்றுவது, வாக்குவம் அல்லது ஆயுதம் கொண்டு பிரசவம் பார்ப்பது, மூச்சு விடாத சிசுவுக்குப் பை-முகமூடியால் மூச்சு கொடுப்பது. சிசேரியனும் ரத்தம் ஏற்றுவதும் சேர்ந்தால் ஒன்பது. ஒன்பதும் நடக்கும் இடம் முழுமையான மையம்.

ஒரு தாளில் ஒன்பதையும் வரிசையாக எழுதுங்கள். எதிரே மூன்று கட்டம்: மருந்து இருக்கிறதா, கருவி இயங்குகிறதா, செய்யத் தெரிந்த ஆள் இருக்கிறாரா. பகல் 11 மணிக்கு ஒருமுறை, இரவு 2 மணிக்கு ஒருமுறை, நேரில் போய், அலமாரியைத் திறந்து, கருவியை ஓடவிட்டுப் பார்த்து நிரப்புங்கள். தொலைபேசியில் கேட்டு நிரப்பிய தாளுக்கு மதிப்பில்லை. பகல் தாளும் இரவுத் தாளும் வேறுபடும் இடத்தில்தான் வெட்டு ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் முதலில் விழுவது வாக்குவம் பிரசவம். கருவியின் ரப்பர் கப் கிழிந்திருக்கும். தெரிந்த மருத்துவர் பகலில் மட்டும் இருப்பார். அதனால் இரவில் அவை எல்லாம் சிசேரியனாகிவிடும், செலவும் கூடும். வெட்டே செலவைக் கூட்டும் இடங்களில் இது ஒன்று.

மருந்து: எங்கே கணக்கு தப்பும்

2023-ல் உலகம் முழுவதும் கர்ப்பம், பிரசவம் தொடர்பான காரணங்களால் சுமார் 2,60,000 பெண்கள் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அதில் ரத்தப்போக்கு முதல் வரிசைக் காரணம். ஆகவே கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசினிலிருந்து தொடங்குவோம்.

பிரசவம் ஆனதும் ஒவ்வொரு தாய்க்கும் 10 யூனிட். மாதம் 240 பிரசவம் என்றால் தடுப்புக்கே 240 டோஸ். ரத்தப்போக்கு ஆனவர்களுக்குத் தலைக்கு 40 யூனிட் வரை ஆகலாம். 20-ல் ஒருவருக்கு என்று வைத்தால் 12 பேர், 48 டோஸ். வலியைக் கூட்டுவதற்கும் தூண்டுவதற்கும் ஆவது தனி. மொத்தத்தோடு ஒரு மாதக் கையிருப்பு. வாங்கும் ஆம்பூல் 5 யூனிட்டா 10 யூனிட்டா என்று பார்த்துப் பெருக்குங்கள். மலிவான டெண்டருக்கு மாறும்போது 10 யூனிட் 5 யூனிட் ஆகி, ‘அதே எண்ணிக்கை’ வந்து இறங்கி, மாதப் பாதியில் தீர்ந்துபோவது சாதாரணமாக நடக்கும் தவறு.

ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டிப் பராமரிப்பையும் ஜெனரேட்டர் டீசலையும் வெட்டினால் மருந்து வீரியம் இழக்கும், ஆனால் பார்க்க அப்படியே தெளிந்த நீராக இருக்கும். செவிலியர் ஊசி போடுவார், கருப்பை சுருங்காது, இன்னொன்று போடுவார், பிறகு ரத்தம் தேடுவார். பட்ஜெட்டில் மிச்சமானது டீசல் பணம். செலவானது நான்கு பை ரத்தம். பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் எழுதிவையுங்கள். வெப்பநிலையை உறுதிசெய்ய முடியாத இடத்துக்கு இரண்டு மாற்று உண்டு. ஒன்று வெப்பம் தாங்கும் கார்பெடோசின், 100 மைக்ரோகிராம், 30 டிகிரி வரை வெளியில் வைக்கலாம். இது தடுப்புக்கு மட்டும். மற்றொன்று மிசோப்ரோஸ்டால். தடுப்புக்கு வாய்வழி 600 மைக்ரோகிராம், ஊசி மருந்து கிடைக்காதபோது சிகிச்சைக்கு நாக்கடியில் 800. அது ஈரத்தில் கெடும். அலுமினிய உறையிலிருந்து எடுத்து டப்பாவில் கொட்டிவைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், ரத்தநாளத்தில் 10 நிமிட நேரத்தில் மெதுவாக, பிரசவம் ஆன 3 மணி நேரத்துக்குள். தாமதிக்கும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் பலன் சுமார் 10 சதவீதம் குறைகிறது. அரை மணி கழித்தும் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றாலும், 24 மணி நேரத்துக்குள் மறுபடி தொடங்கினாலும் இன்னொரு கிராம். ஆம்பூல் 500 மில்லிகிராம் என்றால் ஒருவருக்கு 2 முதல் 4. இது இருக்க வேண்டிய இடம் பிரசவ அறையின் ட்ராலி. மத்தியக் கிடங்கில் பூட்டிவைத்து இன்டென்ட் போட்டு வாங்கும் ஏற்பாடு சிக்கனத்தின் பேரில் வருவதுண்டு. இந்த மருந்துக்கு அது பொருந்தாது.

வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட்டில்தான் கிடங்குக் கணக்கு மிக அதிகமாகத் தப்பும். தசைவழி முறையில் முதல் டோஸ் 14 கிராம்: ரத்தநாளத்தில் 4, இரு புட்டத்திலும் 5, 5. பிறகு 4 மணிக்கொருமுறை 5 கிராம், 24 மணி நேரத்துக்கு 6 முறை, 30 கிராம். ஆக ஒரு பெண்ணுக்கு 44 கிராம். உங்களிடம் இருப்பது 2 மில்லி, 1 கிராம் ஆம்பூல் என்றால் ஒருவருக்கு 44 ஆம்பூல். ‘50 இருக்கிறது, போதும்’ என்று எழுதியிருந்தால், அது ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் போதும். ரத்தநாளத்துக்குப் போகும் 4 கிராமை 20 சதவீதக் கரைசலாக்க வேண்டும்: 50 சதவீத மருந்து 8 மில்லியோடு 12 மில்லி ஊசி நீர். 20 மில்லி சிரிஞ்ச் ஸ்டாக்கில் இல்லாததால் முதல் டோஸ் தாமதமாகும் நாள்களும் உண்டு. மெக்னீசியம் அளவு மீறினால் அதை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம் அதே ட்ரேயில் இருக்கட்டும். ஒவ்வொரு டோஸுக்கும் முன் மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல், முழங்கால் அனிச்சை இருந்து, சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இதைப் பார்க்க ஆள் வேண்டும். மருந்தை வாங்கிவிட்டு ஆளைக் குறைத்தால், பயந்து டோஸைத் தவிர்ப்பார்கள்.

அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கண்ணால் பார்த்து ரத்தப்போக்கை மதிப்பிடுவோர் பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் நடந்து 2023-ல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில், இந்த விரிப்பால் அளந்து, கண்டதும் கருப்பையைப் பிசைவது, சுருக்க மருந்து, டிரானெக்சாமிக் அமிலம், ரத்தநாளத்தில் திரவம், காரணம் தேடிப் பரிசோதனை ஆகியவற்றை ஒரே மூச்சில் செய்தபோது, கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறப்பது, மரணம் ஆகியவை சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. ரத்தப் பைக்கும் அறுவை அரங்குக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு விரிப்பின் செலவு பெரிதல்ல. வெட்டுக் காலத்தில் புதிதாக வாங்க வேண்டிய பொருள் எது என்று கேட்டால் நாங்கள் இதைத்தான் சொல்வோம்.

பராமரிப்பு ஒப்பந்தம்

வெட்டு வந்ததும் முதல் கையெழுத்து விழுவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தை நிறுத்தும் கோப்பில். ஆறு மாதம் எல்லாம் ஓடும். பிறகு ஒரே காலாண்டில் வரிசையாக நிற்கும். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் எதை நிறுத்துவது என்று நீங்கள் தேர்ந்தெடுங்கள்: காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர், கருவிகளை நீராவியில் அவிக்கும் ஆட்டோகிளேவ், மயக்க மருந்து இயந்திரம், ஜெனரேட்டர், மருந்துக் குளிர்சாதனப் பெட்டி, ரத்த வங்கிப் பெட்டி ஆகிய ஆறையும் விட்டுவிட்டு மற்றதில் கை வையுங்கள்.

கான்சென்ட்ரேட்டரின் வெளி வடிகட்டியை வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவி நன்றாகக் காயவைத்துப் போடுவது வார்டிலேயே செய்யக்கூடியது. வெளிவரும் ஆக்ஸிஜன் 82 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. மாதம் ஒருமுறை அளவுமானியால் பாருங்கள். மூச்சுப் பை வேலை செய்கிறதா என்பதற்கு முகமூடியை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துப் பையை அமுக்குங்கள். கை எதிர்ப்பை உணர வேண்டும், வால்வு திறக்கும் சத்தம் வர வேண்டும். முகமூடி 0, 1 இரண்டு அளவும் ஒவ்வொரு பிரசவக் கட்டிலுக்கும். பிறந்த முதல் நிமிடத்துக்குள் மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டிய சிசுவுக்கு, பக்கத்து அறையிலிருந்து முகமூடி வந்து சேர்வதற்குள் அந்த நிமிடம் போய்விடும்.

பிரசவக் கருவி செட் எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு. இரவில் கருவி அவிக்கும் பிரிவில் ஆளைக் குறைத்துவிட்டார்கள் என்றால் மாலை 6 முதல் காலை 8 வரை புதிய செட் வராது. 14 மணி நேரம். நாளுக்குச் சராசரி 8 உள்ள இடத்தில் அந்த 14 மணி நேரத்தில் வழக்கமாக 5, சில இரவுகளில் 10. எனவே 12 செட் கையில் இல்லாமல் அந்த ஷிப்டை நிறுத்தக் கூடாது. இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே: கரைசலில் முக்கி எடுத்த கத்தரிக்கோல். பொதிந்த செட்டை 121 டிகிரியில் 30 நிமிடம் வைக்க வேண்டியதை ‘அவசரம்’ என்று 15 நிமிடத்தில் இறக்குவார்கள். மூன்றாவது வாரம் தையல் பிரிந்து சீழ் வைத்தவர்கள் திரும்பி வரத் தொடங்குவார்கள், அது வேறு வார்டின் கணக்கில் ஏறும்.

எதைத் தாராளமாகக் குறைக்கலாம்

இங்கே மனச்சாட்சி உறுத்த வேண்டியதில்லை. பல பிரிவுகளில் பழக்கத்தால் நடக்கும் செயல்கள் பணத்தையும் தின்று பெண்ணையும் வருத்துகின்றன. வலியோடு வந்தவருக்கு எனிமா, முடி மழிப்பு, எல்லோருக்கும் குளுக்கோஸ் பாட்டில், எல்லோருக்கும் யோனிவாய்க் கீறல், நன்றாக அழும் சிசுவின் வாயில் உறிஞ்சு குழாய், சிக்கலற்ற சுகப்பிரசவத்துக்குப் பின் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஐந்து நாள் ஆன்டிபயாடிக். இவை எதையும் எல்லோருக்கும் செய்ய உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. ஆபத்து இல்லாத கர்ப்பிணி சேர்ந்ததும் சிசுவின் இதயத் துடிப்பு வரைபடம் எடுப்பதும் அந்தப் பட்டியலில்தான். டாப்ளர் கருவியால் இடைவிட்டுக் கேட்பது போதும், ஆனால் உண்மையிலேயே கேட்க வேண்டும்.

ஓர் ஆள் கணக்கும் இதில் ஒளிந்திருக்கிறது. கருப்பை வாய் 5 செ.மீ. திறப்பதற்கு முன்பே பிரசவ அறைக்குள் எடுத்துவிட்டால் கட்டில் பல மணி நேரம் அடைபடும், பொறுமை இழந்து ஆக்ஸிடோசின் ஓடும், சிசேரியன் கூடும். தாயும் சேயும் நலமாக இருப்பதை உறுதிசெய்து, முன்வலிக் கட்டத்துக்கு ஒரு காத்திருப்பு வார்டு, நான்கு நாற்காலி, நடக்க இடம், குடிக்கத் தண்ணீர். அவ்வளவுதான். அவர் விரும்பும் துணை ஒருவரை, அம்மாவோ அக்காவோ கணவரோ, பிரசவம் முடியும்வரை கூட இருக்க விடுங்கள். தொடர்ந்த துணை சிசேரியனைக் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியானது. கட்டிலுக்கு இடையே ஒரு திரை போட்டால் போதும் என்றிருக்க, இடமில்லை என்று இதை மறுப்பவர்கள் ஏராளம்.

எடை குறைந்த சிசுக்களுக்கு வெப்பப் பெட்டி பற்றாக்குறை என்றால், தாயின் மார்போடு தோல் படப் பிணைத்து வைக்கும் கங்காரு முறையைப் பிறந்த உடனே தொடங்குங்கள், நாளுக்குக் குறைந்தது 8 மணி நேரம், முடிந்தால் நாள் முழுவதும். 2021-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில் உடனே தொடங்கியது சிசு மரணத்தை 25 சதவீதம் குறைத்தது. ஆனால் இதை ‘செலவில்லாத சிகிச்சை’ என்று எழுதிவிடாதீர்கள். சாய்வு நாற்காலி அல்லது கட்டில், தாய்க்குச் சாப்பாடு, கற்றுத்தரச் செவிலியர் எல்லாம் வேண்டும். செலவில்லை என்று எழுதினால் செவிலியரையும் எடுத்துவிடுவார்கள்.

சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவதும், பிரிவை மூடுவதும்

கட்டில் குறைந்தால் தங்கும் நாள் சுருங்கும். சுகப்பிரசவத்துக்குப் பின் 24 மணி நேரம் என்பது அடித்தளம், அதற்குக் கீழே இறங்க வேண்டாம். தாயின் ரத்த அழுத்தம் உச்சத்துக்குப் போவது 3 முதல் 6-ஆம் நாள் வாக்கில். சிசுவின் மஞ்சள் காமாலையும் 3 முதல் 5-ஆம் நாளில். அதாவது இரண்டும் வீட்டில் இருக்கும்போது வரும். எனவே 24 மணி நேரத்தில் அனுப்பும் திட்டத்தோடு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒரு செவிலியர் பார்ப்பதும் கட்டாயம் சேர வேண்டும். முதலாவதைச் சேமிப்பாகக் காட்டி, இரண்டாவதற்கான வண்டியையும் ஆளையும் ‘அடுத்த கட்டம்’ என்று தள்ளுவார்கள். இரண்டும் ஒரே உத்தரவில் இல்லை என்றால் கையெழுத்திடாதீர்கள். ரத்த அழுத்தம் கூடியவர், சிசேரியன் ஆனவர், 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தை, பால் சரியாகக் குடிக்காத குழந்தை ஆகியோர் இந்தத் திட்டத்துக்கு வெளியே.

சின்னப் பிரிவுகளை மூடிப் பெரியதோடு சேர்ப்பது சில இடங்களில் சரியான முடிவே. மயக்க மருந்து மருத்துவர் இல்லாத மூன்று இடத்தைவிட, இருக்கிற ஒரு இடம் மேல். ஆனால் மூடினால் தூரம் கூடும். அந்தத் தூரம் ஆஸ்பத்திரியின் செலவுக் கணக்கில் வராது, குடும்பத்தின் கணக்கில் போகும். அமெரிக்கக் கிராமப்புறங்களில் 2004 முதல் 2014 வரை நடந்த மூடல்களை ஆராய்ந்து 2018-ல் வெளியான ஆய்வில், நகரங்களை ஒட்டாத பகுதிகளில் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடந்த பிரசவங்களும், பிரசவப் பிரிவே இல்லாத ஆஸ்பத்திரிகளில் நடந்தவையும், குறைமாதப் பிரசவங்களும் கூடியதைக் கண்டார்கள்.

மூடுவது தவிர்க்க முடியாதது என்றால் வரிசை இதுதான். சேரும் ஆஸ்பத்திரியின் ஆள்பலத்தையும் கட்டிலையும் முதலில் கூட்டுங்கள். மேலே சொன்ன 36-வது நாள் கணக்கை இரண்டு பதிவேட்டையும் கூட்டிப் போடுங்கள். பிறகு மூடப்போகும் இடத்திலிருந்து இரவில், மழையில், ஆம்புலன்ஸை உண்மையாகவே ஓட்டி நேரம் பாருங்கள். வரைபடம் காட்டும் நிமிடத்தை நம்ப வேண்டாம். பழைய கட்டடத்தில் குறைந்தது ஒரு வருடம் பிரசவச் செவிலியர் ஒருவர், ஆக்ஸிடோசின், மெக்னீசியம் முதல் டோஸ், மூச்சுப் பை, ஒரு வண்டி 24 மணி நேரமும் இருக்கட்டும். பலகையைக் கழற்றிவிட்டாலும் பெண்கள் பழைய வாசலுக்கே வருவார்கள், அதுவும் தலை தெரியும் நிலையில்.

பெண்களிடம் கட்டணம் வாங்கிப் பள்ளத்தை நிரப்பலாம் என்ற யோசனையும் வரும். வேண்டாம். கட்டணத்துக்குப் பயந்து வீட்டில் காத்திருந்து, தாமதமாக, மோசமான நிலையில் வந்து சேர்வார்கள். வசூலாவது சில்லறை, சிகிச்சைச் செலவு பல மடங்கு.

மரணங்களை எண்ணிக் காத்திருக்காதீர்கள்

‘வெட்டால் பாதிப்பு என்று ஆதாரம் காட்டுங்கள், தாய் மரணம் கூடியிருக்கிறதா?’ என்று கேட்பார்கள். வருடத்துக்குச் சராசரி 3 மரணம் உள்ள ஆஸ்பத்திரியில், எதுவும் மாறாமலே ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை 5 அல்லது அதற்கு மேல் வரும். ஆகவே 3 என்பது 5 ஆனதை வைத்து வெட்டால் என்று நிரூபிக்கவும் முடியாது, 2 ஆனதை வைத்துப் பாதிப்பில்லை என்று சொல்லவும் முடியாது. மரணம் மிகவும் தாமதமான, மிகவும் கரடுமுரடான அளவுகோல். நிமிடங்களை எண்ணுங்கள்.

பிரசவ அறை வாசலில் ஒரு நோட்டும் ஒரு கடிகாரமும் வையுங்கள். வந்த நேரம், முதலில் பரிசோதித்த நேரம். சிசேரியன் முடிவெடுத்த நேரம், குழந்தை வெளிவந்த நேரம். ரத்தம் கேட்ட நேரம், ஏற்றத் தொடங்கிய நேரம். உயிருக்கு ஆபத்தான சிசேரியனில் முடிவுக்கும் குழந்தைக்கும் இடையே 30 நிமிடம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015-ல் வெளியிட்ட ஆள்பல வழிகாட்டுதலில் சிவப்புக் கொடி நிகழ்வுகள் சில உண்டு, எங்கும் பயன்படுத்தலாம். வந்தவரைப் பார்க்க 30 நிமிடத்துக்கு மேல் ஆனது, பிரசவத்துக்குப் பின் கழுவித் தையல் போட 60 நிமிடத்துக்கு மேல் ஆனது, வலி தூண்டச் சேர்த்தவருக்குத் தொடங்க 2 மணி நேரத்துக்கு மேல் ஆனது, முழு வலியில் இருப்பவருடன் ஒரு செவிலியர் தொடர்ந்து இருக்க முடியாமல் போனது, மருந்து தவறியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. ஷிப்ட் முடிவில் கையெழுத்து.

இவற்றோடு மூன்று எண்ணிக்கை: வரும் வழியில் பிறந்தவை, வலி தொடங்கியபோது இதயத் துடிப்பு இருந்து பிறக்கும்போது இல்லாதவை, மருந்து இல்லாத நாள்கள். இரண்டாவதுதான் பிரசவ அறைக் கண்காணிப்பின் நேரடிக் கண்ணாடி. வெட்டு அமலாகும் முன்பே, குறைந்தது 8 வாரத்துக்கு இவற்றை எழுதத் தொடங்கிவிட வேண்டும். முன்னெண் இல்லாத பின்னெண்ணை யாரும் ஏற்க மாட்டார்கள். நோட்டைத் தண்டனைக்குப் பயன்படுத்தினால் இரண்டாம் வாரமே எல்லா நேரமும் அழகாக 25 நிமிடமாகிவிடும். பெயர் எழுத இடமே விடாதீர்கள்.

மேலிடத்துக்குக் கடிதம் எழுதும்போது ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ‘கடும் சிரமம்’ ‘தாய்மார்களின் நலன்’ போன்ற சொற்கள் கோப்பில் தூங்கும். ஒரு வெட்டு, அதன் வழி, அதன் விளைவு என்று மூன்று வரி: இரவு ஆட்டோகிளேவ் பணியிடம் நீக்கம், மாலை 6 முதல் காலை 8 வரை 8 செட் மட்டும், கடந்த 8 வாரத்தில் 4 இரவுகள் செட் தீர்ந்தன. கீழே, அந்தப் பணியிடத்தைத் திரும்பத் தந்தால் ஆகும் தொகை, அதற்குப் பதிலாக நீங்களே விட்டுக்கொடுக்கும் தொகை, அது எங்கிருந்து வருகிறது என்பது. கடைசி வரியில் மறுபரிசீலனைத் தேதி. தேதி போடாத தற்காலிக வெட்டு நிரந்தரமாகிவிடும். ஏற்கும்போதே ‘இந்த நாள்வரை மட்டும்’ என்று எழுதி, அந்த நாளைச் சுவரில் இருக்கும் டியூட்டி பட்டியலிலும் குறித்துவையுங்கள்.